படுக்கைக்கு முன்னும் பின்னும்: ஊரே நடத்தும் குடிநோய் சிகிச்சை மையம்

இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு வகைச் சிகிச்சையைத் தொட்டிருக்கிறார். உள்நோயாளியாகத் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் 186 மாவட்டங்களில், 2 லட்சம் வீடுகளில் விசாரித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு தந்த கணக்கு இது. குடியால் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் 5.7 கோடிப் பேர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் முழு அடிமை நிலையில் இருக்கிறார்கள் என்றும் அதே ஆய்வு சொன்னது.

இந்த இடைவெளியைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, மையங்களைக் கூட்ட வேண்டும், படுக்கைகளைக் கூட்ட வேண்டும் என்பதுதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஒரு மாதம் தங்குகிறார் என்றால் ஒரு படுக்கையில் ஆண்டுக்கு 12 பேர் சிகிச்சை பெறலாம். 2.9 கோடிப் பேரை ஒரே ஒரு முறை ஓராண்டுக்குள் தங்கவைக்க 24 லட்சம் படுக்கைகள் வேண்டும். எந்த அரசாலும் ஆகாத காரியம். அப்படியே ஆனாலும், அந்த ஒரு மாதம் முடிந்து அதே தெருவுக்கு, அதே கூலி நாளுக்கு, அதே நண்பர்களிடம் திரும்பும் மனிதருக்கு அடுத்து என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஒரு வட்டாரத்துக்கென்று குடிநோய் சிகிச்சை மையம் தொடங்க நினைப்பவர்கள் கட்டடத்திலிருந்தும் படுக்கை எண்ணிக்கையிலிருந்தும் திட்டமிடத் தொடங்குவதே அடிப்படைக் கோளாறு என்பது இக்கட்டுரையின் வாதம். நோயாளி படுக்கைக்கு வருவதற்கு முந்தைய சில ஆண்டுகளும், படுக்கையை விட்டு எழுந்த பிறகான ஓராண்டும்தான் விளைவைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டுக்கும் ஆளும் பணமும் ஒதுக்கிய பிறகே படுக்கையைப் பற்றிப் பேச வேண்டும். இதற்கான பாடம் நம் காவிரி டெல்டாவிலேயே 35 ஆண்டுகளுக்கும் முன் எழுதப்பட்டிருக்கிறது.

மஞ்சக்குடி காட்டிய வழி

சாந்தி ரங்கநாதனின் கணவர் டி.டி.ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் இளம் வயதிலேயே இறந்தார். குடி ஒழுக்கக்கேடு என்று மட்டுமே பேசப்பட்ட காலம் அது. மறு ஆண்டே, 1980-ல், கணவர் பெயரில் சென்னையில் அவர் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. 1992-ல் பத்மஸ்ரீயும் 1999-ல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருதும் அவருக்குக் கிடைத்தன.

சென்னை மருத்துவமனை ஒரு வரம்பைச் சீக்கிரமே காட்டிக்கொடுத்திருக்கும். கிராமத்து விவசாயத் தொழிலாளி ஒரு மாதக் கூலியை இழந்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்து தங்க முடியாது. 1989-ல் அறக்கட்டளை அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், குடவாசல் பக்கத்திலிருக்கும் மஞ்சக்குடியில் 15 நாள் முகாமை நடத்தியது. உள்ளூர் அமைப்பு ஒன்று இடத்தையும் சாப்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. மருத்துவக் குழு சென்னையிலிருந்து வந்தது. நோயாளிகளிடம் கட்டணம் வாங்கவில்லை. குடும்பத்தாருக்கும் தனி அமர்வுகள் இருந்தன. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். இந்த அனுபவத்தை சாந்தி ரங்கநாதன் 1994-ல் 'அடிக்‌ஷன்' என்ற பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரையாக எழுதினார்.

முகாம் என்ற வடிவம் நம் நாட்டுப் பொதுச் சுகாதாரத்துக்குப் பழக்கமானது. கண்புரைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் முகாம்களே பெரிய அளவில் உதவியிருக்கின்றன. ஆனால் கண்புரையை ஓர் அறுவையில் முடித்துவிடலாம், குடிநோயை முடிக்க முடியாது. மஞ்சக்குடி முகாம் இந்த வேறுபாட்டைத் தன் அமைப்பிலேயே ஏற்றுக்கொண்டது என்பதுதான் அதன் சிறப்பு. அங்கே 15 நாள் என்பது வேலையின் நடுப்பகுதி. யாரை அழைத்துவருவது என்று உள்ளூரில் முன்கூட்டியே கண்டறிந்தது முதல் பகுதி. முகாமுக்குப் பிறகான தொடர்பு கடைசிப் பகுதி.

இதில் மருத்துவக் குழுவால் கொண்டுவர முடியாத ஒன்றை ஊர் கொண்டுவந்தது. சிகிச்சைக்குப் போய்வந்தவர் திரும்பும்போது, அவர் எங்கே போனார், ஏன் போனார் என்று தெரிந்த, அதைக் கேலியாக்காத சிலர் தெருவில் இருந்தார்கள். அதே ஊரிலிருந்து ஒன்றாக வந்தவர்கள் ஒன்றாகத் திரும்பினார்கள். நகரத்து மையத்துக்குத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புபவருக்கு இந்தத் துணை கிடைப்பதில்லை.

நாம் இப்போது கேட்கும் 30 நாள் கணக்கோ வேறு இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1950-களில் உருவான சிகிச்சை முறை 28 நாள் தங்கல் என்ற வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. மூளையோ ஈரலோ 28 நாளில் பழைய நிலைக்கு வரும் என்று எந்த உடலியல் விதியும் சொல்லவில்லை. எத்தனை நாள் தங்கவேண்டும் என்பதை நோயின் தீவிரத்தையும் குடும்பத்தின் வருமானத்தையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

குவாட்டரும் பத்துக் கேள்விகளும்

மையத்தின் வேலை அதன் வாசலுக்கு வெளியே, ஊருக்குள் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற வினாத்தாளில் பத்துக் கேள்விகள் உண்டு. மொத்த மதிப்பெண் 40. எட்டைத் தொட்டால் கவலைக்குரிய குடி, இருபதைத் தொட்டால் அடிமை நிலை இருக்கக்கூடும். செவிலியரோ பயிற்சி பெற்ற தன்னார்வலரோ சில நிமிடங்களில் கேட்டு முடித்துவிடலாம்.

ஆனால் இதை நம் ஊர் வழக்குக்கு ஏற்பக் கேட்க வேண்டும். ஒரே வேளையில் ஆறு 'டிரிங்க்' அல்லது அதற்கு மேல் எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பது அதிலுள்ள மூன்றாவது கேள்வி. ஒரு டிரிங்க் என்பது பத்து கிராம் சுத்த ஆல்கஹால். அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளில் விற்கும் 180 மில்லி குவாட்டரில் ஏறத்தாழ 43 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் 60 கிராம், அதாவது ஆறு டிரிங்க். "சார், நான் எப்பவாச்சும் ஒரு குவாட்டர்தான், ரொம்ப இல்ல" என்று சொல்பவர் ஒவ்வொரு முறையும் உலக அளவுகோலின்படி மிகைக்குடியில்தான் இருக்கிறார். கட்டிங், குவாட்டர், ஆஃப் என்ற அளவுகளிலேயே கேள்வியைக் கேட்டால் விடை சரியாக வரும்.

இப்படிக் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோருக்குப் படுக்கை தேவைப்படாது. இதற்கு வலுவான சான்று கோவாவிலிருந்து வந்தது. அங்குள்ள பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'சங்காத்' அமைப்பின் ஆய்வாளர்கள் 377 ஆண்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஆடிட் மதிப்பெண் 12-லிருந்து 19 வரை உள்ளவர்கள், அதாவது அடிமை நிலைக்கு இன்னும் போகாதவர்கள். பாதிப்பேருக்கு வழக்கமான கவனிப்போடு, அதிகபட்சம் நான்கு முறை ஆலோசனை தரப்பட்டது. தந்தவர்கள் மனநல மருத்துவர்களோ உளவியலாளர்களோ இல்லை. பயிற்சி அளிக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். பெறாதவர்களில் 26 சதவீதம். கடந்த இரு வாரங்களில் ஒருநாளும் குடிக்காதவர்கள் முதல் பிரிவில் 42 சதவீதம், இரண்டாவதில் 18 சதவீதம். 2017-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. ஓராண்டுக்குப் பிறகும் பலன் நீடித்தது. அதேநேரம், தொடர்ந்து குடித்தவர்கள் குடித்த அளவு குறையவில்லை, மனைவி மீதான வன்முறையும் குறைந்ததாகத் தெரியவில்லை. பேச்சால் எது முடியும், எது முடியாது என்பதற்கு இந்த ஆய்வு ஒரு நேர்மையான எல்லைக்கோடு போடுகிறது.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய ஆள் பலம் ஏற்கெனவே இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கட்டுப்படாத ரத்த அழுத்தத்துக்குக் குடி ஒரு முக்கியக் காரணம் என்பதால், அந்த உரையாடலிலேயே குடியைப் பற்றிய இரண்டு கேள்விகளைச் சேர்ப்பது செயற்கையாக இருக்காது. ஆனால் ஓர் ஆணிடம் அவர் குடியைப் பற்றி ஒரு பெண் தன்னார்வலர் கேட்பதில் சங்கடம் உண்டு. சில வீடுகளில் ஆபத்தும் உண்டு. ஆகவே கேள்வி கேட்பவர் ஒருவர், தொடர்ந்து பேசுபவர் மையத்தின் ஆள் என்று வேலையைப் பிரிக்க வேண்டும்.

வெளிநோயாளிப் பிரிவு இயங்கும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை நான்குக்கு மூடும் மையத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர் வர முடியாது. மாலை ஐந்திலிருந்து எட்டு வரைதான் அவருக்கு ஓய்வு. டாஸ்மாக் அழைக்கும் நேரமும் அதுதான். அந்த மூன்று மணி நேரம் மையம் திறந்திருப்பதே ஒரு சிகிச்சை.

முதல் ஐந்து நாள்

அடிமை நிலைக்குப் போனவர்களின் நிலை வேறு. குடித்தே பழகிய மூளையிலிருந்து மதுவைத் திடீரென விலக்கினால், அதுவரை மதுவால் அடங்கியிருந்த நரம்புக் கிளர்ச்சி கட்டவிழ்கிறது. கடைசிக் குடியிலிருந்து ஆறு முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் நிலை வரும். பூச்சி ஊர்வதாக, யாரோ கொல்ல வருவதாகத் தோன்றும். நேரம் காலம் தெரியாது, காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

இங்கேதான் நம் சமூகத்தின் நல்லெண்ணமே சில நேரம் ஆபத்தாகிறது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடியை நிறுத்துபவர்கள் ஏராளம். அந்த விரதம் உண்மையிலேயே வலிமையானது. உடை மாறுகிறது, ஊரே 'சாமி' என்று அழைக்கிறது, கூட விரதமிருப்பவர்கள் துணைக்கு இருக்கிறார்கள், தினமும் காலை, மாலை செய்ய ஒரு வேலை இருக்கிறது. சிகிச்சை மையம் உருவாக்கப் பாடுபடும் எல்லாமே அதில் உண்டு. குறை இரண்டுதான். ஒன்று, மாலையைக் கழற்றும் தேதி எல்லோருக்கும் தெரியும். இரண்டு, கடுமையாகக் குடித்துவந்தவர் மருந்தில்லாமல் ஒரே நாளில் நிறுத்துகிறார். இப்படி நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் விலகல் அறிகுறிகள் முன்னைவிடக் கடுமையாகலாம் என்பது மருத்துவர்கள் அறிந்தது. மாலை போடப்போகிறவர் அதற்கு ஒரு வாரம் முன்பே மையத்துக்கு வந்து மருந்தோடு நிறுத்தட்டும் என்று குருசாமிகளிடம் பேசுவது, எந்த விழிப்புணர்வுப் பேரணியையும்விடப் பயன் தரும்.

மருந்து ஒன்றும் அரிதானதில்லை. குளோர்டயசபாக்சைடு, ஈரல் கெட்டவர்களுக்கு லொரசெபாம் போன்றவை அளவாகத் தொடங்கி நாளுக்கு நாள் குறைக்கப்படுகின்றன. சாப்பிடாமலே குடித்தவர்களுக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி கட்டாயம். அதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், ஏற்கெனவே காலியாகியிருக்கும் தயமின் இன்னும் தீர்ந்து நிரந்தர ஞாபக இழப்பில் கொண்டுபோய் விடலாம். 'உடம்பு வீக்கா இருக்கு, ஒரு டிரிப்ஸ் போடுங்க' என்று கேட்கும் ஊரில் இந்த ஒரு விதியை எல்லாத் தனியார் கிளினிக்குகளுக்கும் எடுத்துச்சொல்வதும் மையத்தின் பொறுப்பாக வேண்டும்.

லேசான அறிகுறி உள்ளவரை, குடிக்காத உறவினர் ஒருவர் கூட இருக்க, தினமும் செவிலியர் பார்க்க, வீட்டிலேயே வைத்துச் சமாளிக்கலாம். நடுத்தர நிலையில் இருப்பவருக்கே மையத்தின் படுக்கை. முன்பு வலிப்போ பிதற்றலோ வந்தவர், மஞ்சள்காமாலையோ வயிற்றில் நீரோ உள்ளவர், ரத்த வாந்தி எடுத்தவர், தலையில் அடிபட்டவர், கர்ப்பிணி, தற்கொலை எண்ணம் உள்ளவர் ஆகியோரை மையம் வைத்துக்கொள்ளவே கூடாது. நேராக அரசு மருத்துவமனை. இந்த மூன்று படிகளையும் எழுத்தில் வைத்து, தாலுகா மருத்துவமனையோடும் மருத்துவக் கல்லூரியோடும் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளாத மையத்தைத் திறக்காமலிருப்பதே மேல். தமிழ்நாடு அரசு தன் மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருப்பது இந்த இணைப்புக்கு நல்ல வாய்ப்பு.

வீடு திரும்பிய பிறகு

ஐந்து நாளில் நடுக்கம் நின்றுவிடுகிறது. குடும்பம் மகிழ்கிறது. பலரது மனதில் சிகிச்சை அங்கேயே முடிந்துவிடுகிறது. உடலிலிருந்து மதுவை வெளியேற்றுவது சிகிச்சைக்கான முன்வேலைதான் என்பதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் புரியவைப்பதே இந்தக் கட்டத்தின் கடினமான பணி.

தாமஸ் மெக்லெல்லனும் அவருடைய சகாக்களும் 2000-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஒப்பீடு செய்தார்கள். போதைச் சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டுக்குள் மறுபடி தொடங்குபவர்கள் 40 முதல் 60 சதவீதம். ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் மருந்தையோ பத்தியத்தையோ விட்டு மறுபடி மோசமாகிறவர்கள் 50 முதல் 70 சதவீதம். சர்க்கரை ஏறி வருபவரைப் பார்த்து 'இவருக்குச் சிகிச்சை வீண்' என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை, மருந்தை மாற்றிக் கொடுக்கிறார். குடிநோயாளி சறுக்கி வந்தால் மட்டும் 'எத்தனை தடவைதான் சேர்க்கிறது' என்கிறோம். நீண்டகால நோயை ஒருமுறை சிகிச்சையால் அளந்துவிட்டு, தோற்றது நோயாளி என்று எழுதிவைக்கிறோம்.

ஆகவே ஓராண்டுத் தொடர்சிகிச்சை மையத்தின் முதுகெலும்பாக இருக்க வேண்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று சந்திப்பு. வராதவருக்கு அன்று மாலையே தொலைபேசி, மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆள். வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் ஆகிய மருந்துகள் இருக்கின்றன. இவற்றை எழுதித்தரும் மருத்துவர்கள் குறைவு, தொடர்ந்து சாப்பிடுபவர்கள் அதைவிடக் குறைவு. டைசல்பிராம் வேறு ரகம். 1948-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்த இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும். முழு விவரமும் தெரிந்து, சம்மதித்து, குடும்பத்தார் கண்முன் சாப்பிடுபவருக்கு அது உதவும். 'குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்' என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரங்களை நம்பிச் சாம்பாரில் கலப்பது உயிரோடு விளையாடுவது. மனைவிமார் கையாலாகாத நிலையில்தான் அதைச் செய்கிறார்கள். அவர்களைக் கண்டிப்பதை விட்டு, அவர்கள் வந்து பேசுவதற்கு ஓர் இடம் தரவேண்டும்.

மருந்துக்கு அடுத்தது துணை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளர்கள் சந்தித்துத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் கூடுகிறது. கட்டணம் கிடையாது, பெயர் கேட்பதில்லை. இது வெறும் நம்பிக்கை சார்ந்தது என்று அறிவியலாளர்கள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் ஆராய்ந்த 2020-ன் காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமலிருப்பதில் இந்த வழியிலான சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருப்பதாகக் கண்டது. மையம் வாரத்தில் இரண்டு மாலை ஓர் அறையை இக்குழுவுக்குத் திறந்துவிட்டால் போதும், நடத்த முயலக்கூடாது. கடவுள் பேச்சு ஒட்டாதவர்களுக்கு வேறு குழுவும் வேண்டும்.

குடியிலிருந்து மீண்டவர்களைப் பணியில் அமர்த்துவதைப் பற்றியும் தெளிவு தேவை. மருத்துவர் சொல்லி நம்பாத ஒன்றை, 'நானும் இதே திண்ணையில கிடந்தவன்தான்' என்று ஒருவர் சொன்னால் நம்புகிறார்கள். ஆனால் மீண்டவர் என்பதே தகுதியாகிவிடாது. பயிற்சி, சம்பளம், மேற்பார்வை, சறுக்கினால் அவமானமின்றி விலகிச் சிகிச்சை பெறும் வழி ஆகிய நான்கும் இல்லாமல் அவரை வேலைக்கு வைப்பது அவரையே ஆபத்தில் தள்ளுவதாகும்.

பூட்டிய கதவும் சட்டமும்

நம் ஊர்களில் 'சென்டர்ல போட்டுட்டோம்' என்ற சொல்லில் சிகிச்சையைவிடச் சிறை அதிகம் தொனிக்கிறது. வீட்டார் தொலைபேசியில் சொன்னதும் ஆட்கள் வண்டியோடு வந்து தூக்கிச் செல்வதும், மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும், அடிப்பதும், மொட்டையடிப்பதும் நடக்கின்றன. குடும்பங்கள் அறிந்தே பணம் கட்டுகின்றன. அவர்களுக்கு ஒரு மாத நிம்மதி கிடைக்கிறது.

2017-ன் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. தங்கவைத்துச் சிகிச்சை தரும் மறுவாழ்வு இல்லங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். தன் விருப்பத்தில் சேர்ந்தவர் கேட்டால் வெளியேற உரிமை உண்டு. அவர் மறுக்கும் நிலையில் சேர்க்க வேண்டுமானால் இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், முதலில் 30 நாள்தான் வரம்பு. சங்கிலியிடுவதும், கட்டாய மொட்டையும், கட்டாய வேலை வாங்குவதும் தடை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்ததை அறிந்த மாநிலத்தில் இந்த விதிகளின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

உரிமையைக் காப்பது சிகிச்சைக்கும் நல்லது. வலுக்கட்டாயமாக அடைபட்டவர் வெளியே வந்ததும் முதலில் குடிக்கிறார், அடுத்து அந்த மையத்தின் வாசலை வாழ்நாளில் மிதிக்க மறுக்கிறார். ஓராண்டுத் தொடர்சிகிச்சைக்கு நம்பிக்கைதான் மூலதனம். முதல் நாளிலேயே அதைத் தொலைத்துவிட்டால் மீதி எதுவும் வேலை செய்யாது.

பெண்களுக்கான வாசல்

2019 ஆய்வில் குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். சதவீதம் சிறிதானாலும் இந்திய மக்கள்தொகையில் அது பல லட்சம் பேர். ஆனால் பெரும்பாலான மையங்களில் பெண்களுக்குப் படுக்கை இல்லை. பெண் குடிப்பது இரட்டை அவமானம் என்பதால் அவர்கள் வருவதுமில்லை. மாலை நேர வெளிநோயாளிப் பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது. மகப்பேறு, மகளிர் நலப் பிரிவோடு சேர்ந்த ஒரு பகல்நேரக் கிளினிக்கும் பெண் ஆலோசகரும் வேண்டும்.

குடிக்கும் ஆணின் மனைவி இன்னொருவர். பெரும்பாலும் உதவி தேடி முதலில் வருபவர் அவர்தான். 'அவரை அழைச்சிட்டு வாங்க, பார்க்கலாம்' என்று அவரைத் திருப்பி அனுப்பும் மையம் முதல் வாய்ப்பையே இழக்கிறது. கணவர் வர மறுத்தாலும் மனைவியை ஒரு நோயாளியைப் போலவே பதிவுசெய்து, அடிதடி இருந்தால் 181 மகளிர் உதவி எண்ணோடும் சட்ட உதவியோடும் இணைக்க வேண்டும். கோவா ஆய்வு காட்டியதுபோல, குடி குறைந்தால் வன்முறை தானாகக் குறையும் என்று நம்பிவிட முடியாது. அதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

எதை எண்ணுவது, யார் கொடுப்பது

பல மையங்களின் துண்டறிக்கைகளில் குணமானோர் சதவீதம் பெரிதாக அச்சாகியிருக்கும். அந்தச் சதவீதம் எத்தனை பேரில் என்று கேட்க வேண்டும். பாதியில் போனவர்களையும் தொடர்பு அறுந்தவர்களையும் கழித்துவிட்டு எஞ்சியவர்களில் கணக்கிட்டால் எந்த மையமும் வெற்றிபெறும். சேர்ந்த அனைவரையும் மொத்தக் கணக்கில் வைத்து, மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் எத்தனை பேரோடு தொடர்பு இருக்கிறது என்பதே முதல் அளவுகோலாக வேண்டும். அடுத்து, குடிக்காத நாட்கள், வேலைக்குப் போன நாட்கள், மருத்துவமனையில் கிடந்த நாட்கள், வீட்டில் அடிதடி, கடன். முற்றிலும் நிறுத்தியவர் எத்தனை பேர் என்பது இவற்றில் ஒன்றாக இருக்கலாம், ஒரே அளவுகோலாக இருக்கக்கூடாது.

பணத்துக்கு வழிகள் உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகம் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களுக்கு நிதி தருகிறது. 14446 என்ற இலவச உதவி எண்ணையும் நடத்துகிறது. 2017 சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகரான காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் அரசு மானியம் பெரும்பாலும் படுக்கை எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்படுவதால், மையங்களும் படுக்கையைச் சுற்றியே வளர்கின்றன. வீட்டுக்குப் போய்ப் பார்த்ததற்கும், ஓராண்டு தொடர்பில் வைத்திருந்ததற்கும் தொகை தரும் முறை வந்தால் மையங்களின் நடத்தையே மாறும்.

இன்னொரு வழி மது விற்பனையிலேயே இருக்கிறது. டாஸ்மாக் 2003-ல் சில்லறை விற்பனையைக் கையிலெடுத்தது. மதுவால் கிடைக்கும் ஆண்டு வருவாய் இப்போது 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்தத் தொகையில் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்றால்கூட 450 கோடி. மாநிலத்தின் 38 மாவட்டங்களுக்கும் பிரித்தால் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 12 கோடி. மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானது, கடையின் இருப்போ இன்மையோ மட்டும் குடிநோயாளியைக் காப்பாற்றாது என்பதைக் காட்டியது. விற்கிற அரசே விற்பனையின் ஒரு பங்கைச் சிகிச்சைக்குச் சட்டப்படி ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையில் இரு தரப்பும் ஒன்றுசேரலாம்.

ஒரு தாலுகாவில் மையம் தொடங்குபவர்களுக்கு, மேற்சொன்னவற்றிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதல் ஆறு மாதம் கட்டடம் வேண்டாம். வாடகை அறையில் மாலை நேர ஆலோசனை, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பத்துக் கேள்விகள், அரசு மருத்துவமனையோடு உடன்பாடு. அடுத்த ஆறு மாதத்தில், அறுவடை முடிந்து வேலை குறைந்த கோடையில், ஊர் அமைப்பு ஒன்று பொறுப்பேற்க மஞ்சக்குடி மாதிரியில் ஒரு 15 நாள் முகாம், அதில் கலந்துகொண்டவர்களுக்கு முழு ஓராண்டுத் தொடர்சிகிச்சை. அந்த ஓராண்டின் முடிவில் பாதிப்பேருக்கு மேல் இன்னும் தொடர்பில் இருக்கிறார்கள் என்று காட்ட முடிந்த பிறகு, தேவைக்கேற்பப் பத்துப் பதினைந்து படுக்கைகள். காட்ட முடியாவிட்டால், படுக்கை வாங்க வைத்திருக்கும் பணத்தில் இன்னும் இரண்டு களப்பணியாளர்களை நியமிப்பதே அந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்கு நல்லது.